ஏழாவது பொன்னாடை

5

"திருடனுக்குச் செருப்பு அளவு சரியா வரலையோ என்னவோ," என்றான் கோகுல்.

யாரும் சிரிக்கவில்லை. இறுதிச்சடங்கு இல்லத்தின் பின்னறை மேசையில் மூடியில்லாத ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. அதற்குள் ஒரு ஜோடி கறுப்புச் செருப்பு. வார் முழுக்கத் தங்கத் தகடு போர்த்திய மரப்பூக்கள். அரசகுலத்து ஆள் காலில் போடுவது. அது கண்ணில் பட்டும் தொடாமல், பக்கத்துப் பையில் இருந்த துணியை மட்டும் எவனோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

கஜானி செருப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி. முன்பு காப்புறுதி நிறுவனத்துக்காகப் பொய்யர்களைப் பிடித்தவள். இப்போது ஆக்லாந்தின் ஒனிஹங்காவில் ஒரு மீன்கடைக்கு மேலே அறை எடுத்துத் தன் பெயரிலேயே துப்பறிகிறாள். கோகுல் தஞ்சாவூர்க்காரன். படிக்க வந்து படிப்பை விட்டான். சூப்பர்மார்க்கெட்டில் இரவெல்லாம் டின் அடுக்கினான், அதையும் விட்டான். விட முடியாமல் மிச்சமிருப்பது இந்த அக்காவும் அவளுடைய ஹீட்டர் வேலை செய்யாத காரும்தான்.

"பெட்டிக்கு மூடி அன்றைக்கும் இல்லையா?" கஜானி ஆங்கிலத்தில் கேட்டாள்.

"வழியிலேயே உடைந்துவிட்டது," என்றாள் அக்கோசுவா.

அவள் கானாவின் அசாந்தே இனத்தவள். இங்கே மருத்துவமனையில் நர்ஸ். சீருடையோடே வந்திருந்தாள். அவளுடைய தாய்மாமன் குவாபெனா சுவருக்கு அந்தப் பக்கம் குளிரறையில் கிடந்தார். நாளைக் காலை அவரை அலங்கரித்துக் கிடத்த வேண்டும். அதற்காகத் தாய்வழிக் குடும்பம் குமாசியிலிருந்து கென்டே என்ற கைநெசவுத் துணி ஒன்றைக் கொடுத்துவிட்டிருந்தது. சடங்கு முடிந்ததும் துணி திரும்பிப் போய்விட வேண்டும். சனிக்கிழமை அதை இங்கே கொண்டுவந்து, நடைவழி மேசையில் வைத்துவிட்டு, அலுவலகத்தில் கையெழுத்துப் போடப் போனாள். திரும்பி வந்தபோது செருப்பு இருந்தது. துணி இல்லை.

போலீஸ் ஒரு புகார் எண் கொடுத்தது. நேற்று முழுவதும் கஜானியும் கோகுலும் ரெமுவேராவில் ஆப்பிரிக்கப் பழம்பொருள் சேகரிக்கும் ஒரு கிழவரின் பின்னால் அலைந்தார்கள். அந்தத் துணியை விலைக்குக் கேட்டிருந்தவர் அவர். மனிதர் அந்தச் சனிக்கிழமை கண் அறுவை முடிந்து கட்டோடு படுத்திருந்தார். ஆனால் அவர் விலை கேட்ட சேதி குமாசிவரை போய்விட்டது.

"நான் விற்றுவிட்டேன் என்கிறார்கள்," என்றாள் அக்கோசுவா. "நாளைக்கு வீடியோவில் எல்லோரும் பார்ப்பார்கள். மாமன்மேல் துணி இல்லையென்றால் அந்த வீட்டில் இனி என் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். அம்மாவும்தான்."

"வேறொன்று வாங்கிப் போர்த்த முடியாதா?" கோகுல் கேட்டான். இதை அவன் கேட்டிருக்கக் கூடாது.

"அந்த நெசவுக்குப் பெயர் இருக்கிறது. ஓயோக்கோமான். எங்கள் குலம் ஓயோக்கோ, ராஜாவின் குலம். ஒரு காலத்தில் குலத்துக்குள்ளேயே வெட்டிக்கொண்டார்கள். ஓயோக்கோவுக்குள் நெருப்பு இருக்கிறது என்பதுதான் அந்த நெசவு சொல்லும் சேதி. அந்தக் காலத்தில் ராஜா சம்மதிக்காமல் யாரும் அதை உடுத்த முடியாது. அதை உடுத்திய பெரியவர் எதிரே வந்தால், மற்றவர்கள் தங்கள் துணியைத் தோளிலிருந்து இறக்க வேண்டும். செத்தவருக்கும் அப்படித்தான். மறு உலகத்தில் முன்னால் போனவர்கள் அவரை முகம் பார்த்துக் கண்டுபிடிக்க மாட்டார்கள். துணியைப் பார்த்துத்தான்."

"எங்க ஊர்லயும் தோள்துண்டை இறக்கச் சொன்னாங்க," என்றான் கோகுல். "அது வேற கதை."

கஜானி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினாள்.

"கோகுல், தங்கத்தைக் கண்டும் தொடாதவன் கள்ளன் இல்லை. செருப்பு ஆற்றையோ எண்டு விட்டிட்டான். துணியைத் தன்ர எண்டு எடுத்திட்டான்."

"தன்னோடதுன்னு நினைக்கணும்னா அவனும் கானாக்காரனா இருக்கணுமே."

"கானாக்காரன் எண்டால் செருப்பை ஏன் விடுறான்? அவைக்கு ரெண்டும் சேர்ந்ததுதானே." அக்கோசுவாவிடம் திரும்பினாள். "துணியை எந்தப் பையில் வைத்திருந்தீர்கள்?"

பை வந்து சேர்ந்ததற்கு அத்தாட்சியாக அக்கோசுவா அம்மாவுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். கைப்பேசியை நீட்டினாள். கோகுல் பார்த்தான். பிறகு முகத்துக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தான்.

மஞ்சள் பை. மேலே பிள்ளையார். கீழே சிவப்பு எழுத்தில் ரவிசங்கர், மஹதி.

"அக்கா, இது தாம்பூலப் பை."

"கூட வேலை செய்யும் வசந்தமலர் தீபாவளிக்கு முறுக்கு வைத்துக் கொடுத்தாள்," என்றாள் அக்கோசுவா. "பலமான பை. ஏன்?"

கஜானி கார்ச் சாவியை எடுத்தாள். அந்தச் சனிக்கிழமை பக்கத்து மண்டபத்தில் யாருடைய சடங்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. ஆக்லாந்துத் தமிழர் எல்லோருக்கும் தெரியும்.

*

தியாகலிங்கத்தின் இறுதிச்சடங்கு நேரலையாகப் போயிருந்தது. டொரொன்டோ, லண்டன், யாழ்ப்பாணம் என்று எல்லா இடத்திலிருந்தும் பார்த்திருந்தார்கள். பதிவு இன்னும் இணையத்தில் கிடந்தது. ஹில்ஸ்பரோ சாலையோரம் காரை நிறுத்தி இருவரும் பார்த்தார்கள். மழை கண்ணாடியில் வழிந்தது.

தியாகலிங்கம் இந்த ஊரில் தலைமை வகிக்காத தமிழ் அமைப்பு இல்லை. தலைமை வகிக்காத கூட்டத்தில் சிறப்பு விருந்தினர். அதனால் ஒவ்வொரு அமைப்பும் வரிசையில் வந்து பெட்டிக்குள் அவர்மேல் பொன்னாடை போர்த்தியது. ஒலிவாங்கிக்காரர் பெயர் கூப்பிடக் கூப்பிட, கடையில் வாங்கிய மெல்லிய சரிகைத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன.

"உயிரோட இருக்கறப்பவே இந்த மனுஷன் பொன்னாடைக்கு நடுவுலதான் மூச்சு விட்டுட்டு இருந்தாரு," என்றான் கோகுல்.

"வாயை மூடிப் பார்."

ஆறு பொன்னாடை ஆயிற்று. ஏழாவதாக ஒரு விளையாட்டுக் கழகம். அதன் செயலாளர் ரஜிதன் முன்னால் வந்தான். மடிப்பைப் பிரித்தான். துணி கையிலிருந்து சரிந்து தரையைத் தொட்டது. அவன் இழுத்தான், இன்னும் வந்தது. பக்கத்தில் நின்றவர் ஓடிவந்து மறுமுனையைப் பிடித்தார். இரண்டு பேரும் கட்டில் விரிப்பு விரிப்பதுபோல் தூக்கி, தியாகலிங்கத்தைக் கழுத்துவரை மூடினார்கள்.

கஜானி படத்தை நிறுத்திப் பெரிதாக்கினாள். கையளவு அகல நாடாக்கள், நாடாவோடு நாடா வைத்துத் தைத்தது. சிவப்பு, பச்சை, தங்கம். மற்ற ஆறும் அதனடியில் காகிதம்போல நசுங்கிப் போயிருந்தன.

"எடுத்தனீங்களோ எண்டு இல்லத்துக்காரர் கேட்டதுக்கு எங்கட ஆக்கள் ஒருத்தரும் எடுக்கேல்லை எண்டவை," என்றாள். "பொய் இல்லை. தாங்கள் எடுத்தது எண்டு ஆருக்கும் தெரியாது."

"எரிச்சிருப்பாங்களே அக்கா," என்றான் கோகுல். சனிக்கிழமை மாலையே தியாகலிங்கத்தைத் தகனம் செய்துவிட்டார்கள்.

"பதறாத," என்றாள் கஜானி. "பொன்னாடையை ஆரும் எரிக்கிறேல்லை. கழட்டி வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பினம்."

அது உண்மை. பொன்னாடைக்குச் சாவு கிடையாது. ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

*

ரஜிதன் ஒனிஹங்காவில் டெய்ரி என்னும் சின்னக் கடை வைத்திருந்தான். பால், ரொட்டி, சிகரெட், ஒரு மூலையில் கறிவேப்பிலை. கறிவேப்பிலை மஞ்சள் பையில் தொங்கியது. பிள்ளையார் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கோ அக்கா."

"உந்தப் பை எங்கால?"

"எது, உதோ? கழகத்தின்ர. தியாகலிங்கம் அண்ணையின்ர செத்தவீட்டுக்குப் பொன்னாடை வந்த பை."

"ஆர் கொண்டுவந்தது?"

"பிரணவன். வாங்கி வெளி மேசையில வைக்கிறன் எண்டவன்."

"வச்சதைக் கண்டனியோ?"

"பை இருந்ததைக் கண்டன். தமிழ் எழுத்து. உள்ள சரிகை மாதிரி மினுங்கிச்சுது. உள்ளயிருந்து கழகத்தின்ர பேரைக் கூப்பிடினம். எடுத்துக்கொண்டு ஓடினன்."

"பக்கத்துல தங்கச் செருப்பு இருந்ததே?" என்றான் கோகுல்.

"ஓம், இருந்தது. செத்தவீட்டுக்கு வந்த ஆரோ பொம்பிளை கழட்டி வச்சதாக்கும் எண்டு நினைச்சன். செருப்பை நான் ஏன் எடுக்கிறன்? நான் என்ன கள்ளனோ?"

கஜானி அங்கிருந்தே பிரணவனைக் கூப்பிட்டு ஒலிபெருக்கியில் போட்டாள்.

"பொன்னாடையோ?" என்றது பிரணவனின் குரல். "அது என்ர கார் டிக்கிக்குள்ள கிடக்கு. மோட்டர்வேயில மாட்டுப்பட்டு நான் வரவே பிந்திட்டுது. ரஜிதன் ஆரிட்டையோ இரவல் வாங்கிப் போத்தினான்தானே, பிறகென்ன?"

ரஜிதனின் முகம் கழுவி வைத்த தட்டுமாதிரி ஆனது.

"விரிச்ச பிறகுமோ தெரியேல்லை?" என்றாள் கஜானி.

"விரிச்ச பிறகு எப்பிடியக்கா மடிக்கிறது? லைவ் போகுது. கனடாவில இருந்து பாத்துக்கொண்டிருக்கினம்." கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "எனக்கும் இது என்ன படுக்கை விரிப்போ எண்டு ஒரு யோசனை வந்ததுதான். கமிட்டி கொஞ்சம் நல்லதா வாங்கியிருக்குது எண்டு நினைச்சன்."

"உங்க கமிட்டி எப்ப நல்லதா வாங்கிச்சு, அதுலயே சந்தேகப்பட்டிருக்கணும்," என்றான் கோகுல்.

*

சுரங்கப்பாதை வழியாக மேற்கே மாசி என்ற புறநகருக்குப் போகும்போது கோகுல் கிட்டத்தட்ட சந்தோஷமாக இருந்தான். துணியை வாங்குவது, ஓட்டிக்கொண்டு திரும்புவது, நாளைக் காலை குவாபெனாவின் இடது தோளில் அது கிடப்பது. அவன் செய்த எந்த வேலையும் இதுவரை சரியாக முடிந்ததில்லை. இது முடியும் போலிருந்தது.

தியாகலிங்கத்தின் மனைவி அன்னபாக்கியம் மகள் வீட்டில் இருந்தாள். மகள் வேலைக்குப் போயிருந்தாள். வரவேற்பறையில் தியாகலிங்கத்தின் படம், அணையாத விளக்கு, பக்கத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு பெட்டி.

"இருங்கோ பிள்ளையள். தேத்தண்ணி போடுறன்."

"வேண்டாம் அன்ரி," என்றாள் கஜானி. "அங்கிளுக்குப் போத்தின பொன்னாடையள் எங்க? ஒண்டு மாறி வந்திட்டுது. அதைப் பாக்கத்தான் வந்தனாங்கள்."

அன்னபாக்கியம் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தாள். கோகுல் வெளியே எடுத்து வைத்தான். சிவப்பு, மஞ்சள், ஊதா, பச்சை, இன்னொரு சிவப்பு. எல்லாம் கடைச் சரக்கு. ஐந்து.

"ரெண்டு குறையுது அன்ரி," என்றான்.

"ஓம். ஒண்டு நேற்றைக்குக் குடுத்துவிட்டிட்டம். எங்கட பேத்திக்கு அடுத்த கிழமை அரங்கேற்றம். டான்ஸ் டீச்சருக்குப் போத்த வேணுமாம். பேத்தியின்ர காரியம், இல்லை எண்டு சொல்லேலுமே."

கோகுல் எழுந்தேவிட்டான். "அது என்ன நிறம்? பாரமா இருந்துச்சா?"

"மயில் நீலம். பாரமில்லை, சல்லடை மாதிரி."

அவன் உட்கார்ந்தான். கஜானி அவனைப் பார்க்கவில்லை. அன்னபாக்கியத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கப்போகும் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் அவள் குரல் இறங்கும்; அப்போது இறங்கியது.

"மற்றது எங்க அன்ரி?"

"அதுவோ." அன்னபாக்கியம் நாற்காலியின் நுனியில் இருந்தாள். "பெட்டியை மூட முதல் எல்லாத்தையும் கழட்டச் சொன்னவை. நான்தான் அது ஒண்டை விடச் சொன்னனான். வடிவான துணி, பிள்ளை. கைத்தறியாக்கும். இந்தாள் இந்த நாட்டுக்கு வந்த நாள் தொடக்கம் குளிர் குளிர் எண்டே கிடந்தது. ஊரெல்லாம் போத்திச்சுது, ஒண்டும் குளிருக்கு உதவேல்லை. அது ஒண்டுதான் பாரமாக் கிடந்தது. போத்திக்கொண்டு போகட்டும் எண்டு விட்டிட்டன்."

விளக்கு ஒருமுறை தூங்கி எழுந்தது. கோகுலின் கண் பழுப்புப் பெட்டிக்குப் போனது. போகாமல் இருந்திருக்கலாம்.

"மார்கழியில கீரிமலைக் கடலில கரைக்கக் கொண்டுபோகப் போறம்," என்றாள் அன்னபாக்கியம், அவன் பார்வையைக் கண்டு. பிறகு கஜானியிடம், "ஏன் பிள்ளை? அது ஆற்றை?"

துணி யாருடையது என்று சொல்லாமல் விட்டுவிடலாமா என்பதைக் காரில் வரும்போதே கோகுல் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. இப்போது கஜானி சொல்லிவிடுவாள் என்று தெரிந்தது. பொய் சொல்லத் தெரியாததால்தான் அவளுக்குக் காப்புறுதி வேலை போனது.

"பக்கத்து மண்டபத்து ஆக்களின்ர, அன்ரி. ஆபிரிக்கா ஆக்கள். அவையின்ர ராசா குலத்துத் துணி. அந்தப் பிள்ளையின்ர தாய்மாமனுக்கு நாளைக்குப் போத்த வச்சிருந்தது. எங்கட ஆக்கள் பொன்னாடை எண்டு எடுத்திட்டினம்."

அன்னபாக்கியம் விளக்கின் திரியைத் தூண்டிவிட்டாள். அழவில்லை. பிறகு குனிந்து, வெளியே கிடந்த ஐந்து பொன்னாடைகளையும் ஒவ்வொன்றாக மடித்து, பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, கோகுலின் கையில் திணித்தாள்.

"இதுகளைக் குடுங்கோ. நீலத்தையும் திருப்பி வாங்கி அனுப்புறன்."

"அன்ரி, இது அவங்களுக்கு..."

"கொண்டுபோ தம்பி. குடுக்கிறதுக்கு எங்களிட்ட வேற என்ன கிடக்கு?"

*

இறுதிச்சடங்கு இல்லத்தின் வாகனத் தரிப்பிடத்தில் அக்கோசுவா காத்திருந்தாள். மழை விட்டிருந்தது. மனுக்காவ் கடல் பக்கமிருந்து காற்று அடித்தது. கஜானி சுற்றி வளைக்காமல் சொன்னாள். சொல்லிவிட்டுக் கைப்பேசியைக் கொடுத்தாள்.

அக்கோசுவா ஏழாவது பொன்னாடையைப் பார்த்தாள். திரும்ப ஓட்டிப் பார்த்தாள்.

"கழுத்துவரை மூடிவிட்டார்கள்," என்றாள். "வலது தோள் தெரிய வேண்டும்."

"இதை உங்கள் அம்மாவுக்கு அனுப்புங்கள்," என்றாள் கஜானி. "நீங்கள் விற்கவில்லை என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டாம். வேண்டுமென்றால் அந்த அம்மாவும் பேசுவார். நானும் பேசுகிறேன்."

"விற்றிருந்தால் பரவாயில்லை. விற்றதைத் தேடிப்போய் வாங்கலாம்." கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள். "நான் கள்ளி இல்லை என்று ஆகிவிடும். அவ்வளவுதான். நாளைக்கு மாமன் எதை உடுத்துவார்?"

கஜானி தன் ஈரச் சப்பாத்தைப் பார்த்தாள்.

அக்கோசுவாவின் கைப்பேசி ஒலித்தது. அம்மா என்று திரையில் தெரிந்தது. அவள் எடுக்கவில்லை.

"உங்கள் ஆள் முந்திக்கொண்டு போய்விட்டார்," என்றாள். "எங்கள் துணியைப் பார்த்ததும் எங்கள் பெரியவர்கள் எழுந்து நின்று தோளை இறக்கியிருப்பார்கள். அவருக்கு நாற்காலி போட்டிருப்பார்கள். நாளைக்கு என் மாமன் போவார். நீ யார் என்று கேட்பார்கள்."

கைப்பேசி நின்றது. மறுபடி ஒலிக்கத் தொடங்கியது.

"அவர் எப்படிப்பட்ட மனிதர்?" அவள் கோகுலைக் கேட்டாள். கேலியில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "நேர்மையானவரா? இது எனக்கு வந்ததில்லை, பின்னால் ஒருவர் வருகிறார், அவருக்கு உரியது என்று சொல்லக்கூடியவரா?"

கோகுல் வாயைத் திறந்தான். மேடைமேடையாகத் தலையைக் குனிந்து தோளைக் காட்டிய தியாகலிங்கத்தை அவன் எத்தனையோ விழாக்களில் பார்த்திருக்கிறான். தனக்கு வந்த ஒரு பொன்னாடையையும் அந்த மனிதர் வேண்டாமென்று சொன்னதில்லை.

கையிலிருந்த பிளாஸ்டிக் பை காற்றில் படபடத்தது. அக்கோசுவா இன்னும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குமாசியிலிருந்து அழைப்பு விடாமல் வந்துகொண்டிருந்தது.